கண்டகிக்குத் திரும்பி வந்த சாளக்கிராமம்

அப்பா ஐம்பது வருஷம் திருமஞ்சனம் செய்த சாளக்கிராமம் அது. கண்டகி ஆற்றில் கிடைக்கும், பெருமாளாகவே பூஜிக்கும் கல். “ஒரு தடவை இவரை முக்திநாத்துக்கு ஏளப்பண்ணிண்டு போகணும்டா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இருந்தவரை முடியவில்லை. அவருடைய முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் ஆனதும் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருமங்கையாழ்வார் பாசுரம் பாடி மங்களாசாசனம் செய்த இந்தத் திவ்யதேசம் நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் 20 நிமிஷம்தான். ஆனால் காலையில் மட்டுமே பறக்கும். வெயில் ஏறினால் கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று சீறத் தொடங்கிவிடும். எங்களுக்கு இரண்டு நாளும் மேகமூட்டம். டிக்கெட் உறுதி என்று பணம் வாங்கிய ஏஜென்ட் அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஜீப் பிடித்தோம். பெனி தாண்டினால் சாலை என்பது பேருக்குத்தான். முழங்கால் வலியோடு அம்மா நாள் முழுக்கக் குலுங்கினாள். வாயில் நாராயண நாமம் மட்டும் நிற்கவில்லை. ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் 8,167 மீட்டர் தவளகிரி. மார்ஃபாவின் ஆப்பிள் தோட்டங்களைக் கடந்ததும் பச்சை குறைந்து வெறும் மண்மலைகள். போகிறவர்கள் ஜோம்சோமில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள், மூச்சு பழகும்.

காக்பேனியில் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்தேன். அம்மா பட்டுத்துணியை அவிழ்த்து, சாளக்கிராமத்தைக் கண்டகித் தண்ணீரில் மூன்று முறை நனைத்தாள். மை கரைத்த மாதிரி கருத்த தண்ணீர். இமயம் எழுவதற்கு முன் இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடலில் வாழ்ந்தவற்றின் சுருள் ஓடுகள்தான் கல்லுக்குள் சக்கரமாகத் தெரிகின்றன என்கிறார்கள். இருக்கட்டுமே! பாற்கடலில் பள்ளிகொண்டவர் கடலிலிருந்து வந்ததில் என்ன ஆச்சரியம்?

கோயிலுக்குக் கீழே உள்ள ராணிபௌவாவில் இறங்கியதுமே குதிரைக்காரர்களும் மோட்டார் பைக் ஓட்டுகிறவர்களும் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்து இழுத்தார்கள். கேட்ட கூலியைக் கொடுத்து அம்மாவைக் குதிரையில் ஏற்றினேன். கோயிலிலும் தள்ளுமுள்ளு. வரிசையில் நிற்கும் வயதானவர்களை இடித்துக்கொண்டு முந்திப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கோயிலுக்குப் பின்னால் பசுமுகக் குழாய்களிலிருந்து கொட்டும் 108 தாரைகள். “தலையில் தெளித்துக்கொண்டால் போதும்மா” என்றேன். அம்மா கேட்கவில்லை. மடியில் சாளக்கிராமத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பனிக்கட்டி போன்ற அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு கோமுகமாகத் தலையைக் கொடுத்து நடந்தாள். நடுவில் நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. அந்த முழங்காலை அன்று நடத்தியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஈரப் புடவையோடு சந்நிதிக்கு வந்தோம். அங்கே பெருமாளுக்குக் கைங்கர்யம் செய்பவர்கள் பௌத்தப் பெண் துறவிகள். எங்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பாஷை எங்களுக்கும் தெரியாது. அம்மா நடுங்கும் கையோடு சாளக்கிராமத்தை நீட்டினாள். அந்தச் சின்ன வயதுத் துறவி அதை இரு கைகளாலும் வாங்கி, ஸ்ரீமூர்த்திப் பெருமாள் திருவடியில் வைத்து, ஒரு கணம் கண்மூடி நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் அம்மாவின் விறைத்த விரல்களைத் தன் காவிச் சால்வைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். அம்மா விம்மி விம்மி அழுதாள். “பாத்தேளா, வந்துட்டார்” என்று சொன்னது என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

பெருமாளே, எங்களுக்கு என்ன தகுதி இருந்தது!

திரும்பும் ஜீப்பில் அம்மா பட்டுத்துணியை மறுபடி பிரித்தாள். “இன்னும் ஈரமா இருக்காரேடா” என்று சொல்லிவிட்டு, உலர்ந்த தலைப்பு முனையைத் தேடி எடுத்து மெல்ல ஒற்றினாள்.