பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு: மழைக்காலக் குறிப்புகள்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

விஸ்காம் படித்தவர்கள் வீட்டுப் பரணில் தேடினால் ஒரு நிக்கான் எஃப்எம்10 பிலிம் கேமரா அகப்படக்கூடும். கூடவே 35-70 ஜூம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8. டிஜிட்டலுக்கு மாறும்போது பாடியோடு லென்ஸையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. பாடி போகட்டும், லென்ஸ் இருக்கட்டும். பாடியில் லென்ஸ் பொருந்தும் வளையமான நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-ல் வந்தது. டிஜிட்டல் எஸ்எல்ஆர்களிலும் அதே மவுன்ட்தான்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. தாத்தா காலத்து நிக்கார்மேட் கேமராவோடு வந்த லென்ஸ் என்றால், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பெர்ச்சர் வளையத்தைப் பாருங்கள். அதன்மேல் முயல் காது போல ஓர் உலோகத் துண்டு இருக்கும். காதில் ஓட்டை இல்லாமல், வளையத்தில் எண்களும் ஒரே வரிசையாக இருந்தால் அது 1977-க்கு முந்தைய வகை. டி7000 போன்ற டிஜிட்டல் பாடியின் மவுன்ட் விளிம்பில் உள்ள சின்ன நெம்புகோலில் அந்த வளையம் முட்டி, அதை வளைத்துவிடும். எண்கள் இரண்டு வரிசையாக, கீழ் வரிசை பொடிசாக இருந்தால் ‘ஏஐ’ (ஆட்டோமேட்டிக் இன்டெக்ஸிங்) வகை. பயமின்றி மாட்டலாம்.

அக்டோபர் 9, புதன்

பாடி எது? செகண்ட் ஹேண்டில் டி3200, டி5300 மலிவாகக் கிடைக்கும். அவற்றில் ஏஐ லென்ஸ் மாட்டும், ஆனால் வளையத்தின் நிலையை அறியும் அந்த நெம்புகோல் இல்லாததால் மீட்டர் வெளிச்சத்தைக் காட்டாது. பாடிக்குள் மோட்டார் இல்லாததால், அதை நம்பியிருக்கும் ஏஎஃப்-டி எனும் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களும் தானாக ஃபோகஸ் ஆகாது. 2017-ல் வந்த டி7500-ல்கூட அந்த நெம்புகோலை எடுத்துவிட்டார்கள். பழைய லென்ஸ் வைத்திருப்பவருக்கு 2010-ன் டி7000 தான் புத்திசாலித்தனமான வாங்கல். 16.2 மெகாபிக்சல், மோட்டாரும் உண்டு, நெம்புகோலும் உண்டு.

வாங்கியதும் செட்டப் மெனுவில் ‘நான்-சிபியு லென்ஸ் டேட்டா’வுக்கு (சிப் இல்லாத லென்ஸின் விவரம்) போய் 50, எஃப்/1.8 என்று பதிய வேண்டும். பதியாவிட்டால் அப்பெர்ச்சர் எண்ணுக்குப் பதில் ஒரு முக்கோணமும் எஃப்பும் காட்டும். பிரேம் முழுவதையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கும் கிடைக்காது. பதிந்தாலும் ஏ (அப்பெர்ச்சரை மட்டும் நாம் வைப்பது), எம் (ஷட்டரையும் நாமே வைப்பது) மோடுகள் மட்டுமே.

ஏஎஃப்-டி லென்ஸுக்கு வேறு பிரச்சினை. அதை மாட்டியதும் ‘எஃப்இஇ’ என்று கண்சிமிட்டி, ஷட்டர் விழாது. கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அப்பெர்ச்சர் வளையத்தைக் கடைசி எண்ணுக்கு, பெரும்பாலும் 22-க்கு, திருப்பி லாக் போட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று: சென்சார் சிறியது என்பதால் 1.5 மடங்கு கணக்கு. 50 லென்ஸின் பார்வை 75 ஆகும், போர்ட்ரெய்ட்டுக்கு அருமை. 35-70 கிட்டத்தட்ட 52-105 ஆகிவிடுவதால் அகலப் பார்வை போய்விடும். ஒரு 18-55 தனியாக வாங்கத்தான் வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கேமராவுக்குப் பொட்டு வைப்பதானால் பையின் மேல் வையுங்கள். விபூதித் தூள் ஜூம் வளையத்துக்குள் போனால் நறநறவென்று அரைக்கும். ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் சந்தனம் காய்ந்தால் ஃப்ளாஷ் அடிக்காது.

அக்டோபர் 20, ஞாயிறு

பிலிமில் பழகிய கை டிஜிட்டலில் தடுமாறுவது எக்ஸ்போஷரில்தான், அதாவது எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதில்தான்.

கலர் நெகடிவுக்கு வெளிச்சம் குறைந்தால் நிழல் காலியாகிவிடும். ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூடினாலோ தாங்கும். அதனால்தான் ஐஎஸ்ஓ 400 பிலிமைப் போட்டு கேமராவின் ஐஎஸ்ஓ டயலை 200-ல் வைக்கும் பழக்கம் வந்தது. டிஜிட்டல் நேர் எதிர். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலில் நிழலை இரண்டு ஸ்டாப் தூக்கலாம், கொஞ்சம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) வரும், அவ்வளவுதான். எரிந்துபோன வெள்ளையில் தூக்கவும் இறக்கவும் ஒன்றுமே இருக்காது. வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி மடிப்பில்லாத காகிதமாக வருவது இப்படித்தான். ஸ்லைடு பிலிம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. அவர்கள் ஏற்கெனவே வெளிச்சத்துக்குப் பயந்தவர்கள்.

எனவே ஐஎஸ்ஓ 100 அல்லது 200-ல் ஒரு படம் எடுத்து, ஹைலைட் கண்சிமிட்டும் திரையைப் பாருங்கள். வேட்டி சிமிட்டினால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 0.7-க்கு இறக்கி மறுபடி எடுங்கள். நேரடியாகச் சூரியன் பட்டுப் பளபளக்கும் பித்தளைக் குடம் சிமிட்டினால் விட்டுவிடலாம். பின்திரையின் வெளிச்சத்தை மட்டும் நம்பக் கூடாது. வெயிலில் அது மங்கலாகத் தெரியும், படம் இருட்டு என்று நினைத்துக் கூட்டிவிடுவோம். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம்தான் சாட்சி.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையை எடுத்தால் வெள்ளை ஹிஸ்டோகிராம் நடுவில் சாதுவாக நிற்கும். சிவப்பு சேனல் மட்டும் வலது சுவரில் இடித்திருக்கும். ஜரிகைக்குப் பக்கத்து நெசவெல்லாம் ஒரே சிவப்புப் பெயின்ட்டாக வருவதற்குக் காரணம் அதுதான். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. வாணத்துக்கு: டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8 முதல் 11, பல்ப் மோட் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்), 2 முதல் 4 வினாடி. ராக்கெட் மேலே ஏறும்போது ஷட்டரைத் திறந்து, பூ உதிர்ந்ததும் மூடுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவையுங்கள். அது வேலை செய்யத் தொடங்கினால் எடுத்த நேரத்துக்குச் சமமாக இன்னொரு இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும். அதற்குள் அடுத்த வாணம் போய்விடும்.

நவம்பர் 3, ஞாயிறு

வடகிழக்குப் பருவமழையில் சென்னைக் காற்று லென்ஸுக்கு எமன். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை ஓடினால் பூஞ்சை. பரணில் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸ்தான் இதற்கு அதிகம் ஆளாகும். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையைக் கழற்றி எறியுங்கள்.

டிரை கேபினட் வாங்க முடியாதவர்களுக்கு 10 லிட்டர் காற்றுப் புகா டப்பா, 100 கிராம் சிலிகா ஜெல், சின்ன ஹைக்ரோமீட்டர் போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் 120 டிகிரியில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசியைக் கொட்டி லென்ஸைப் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவுத்தூள்தான் மிச்சம்.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனிபோர்த்துக்கொள்ளும். துடைக்காதீர்கள், திரும்பத் திரும்பப் படியும். வெளியே போவதற்கு முன்பே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியில் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

பழைய நெகடிவை அதே டி7000-ல் படியெடுக்கலாம். 50 லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே 12, 20 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (வெற்றுக் குழாய்) இரண்டையும் சேர்த்து மாட்டி, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் முழு பிரேமும் அடங்கும். 36 டியூப் போட்டால் ஓரம் வெட்டுப்படும். எம் மோட், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா. கீழே எல்இடி பேட். செல்போன் திரையை வைத்தால் அதன் புள்ளிகளே படத்தில் விழும்.

கேமரா சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க, நெகடிவ் இருக்கும் இடத்தில் ஒரு கண்ணாடியைக் கிடத்துங்கள். லைவ் வியூவில் லென்ஸின் பிம்பம் பிரேமின் நட்டநடுவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு மூலை மட்டும் ஃபோகஸ் விட்டுப்போகும். பிலிமின் மங்கலான பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். பிறகு கணினியில் இடவலம் திருப்ப வேண்டும். மறந்தால் கடைப் பலகை எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஒயிட் பேலன்ஸை வெளிச்சம் படாத ஆரஞ்சு ஓரத்தில் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிறங்களைத் தலைகீழாக்கி பாசிட்டிவ் ஆக்க வேண்டும். வரிசை மாறினால் முகமெல்லாம் நீலம் பூக்கும்.