கேத்தரின் மாந்தோப்பும் 462 விசாவும்

ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா, அதாவது 462 என்ற எண் கொண்ட விசா, இந்தியர்களுக்கு முதல்முறையாகத் திறந்தது 2024 அக்டோபரில். வருஷத்துக்கு 1000 இடம். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதிலிருந்து குலுக்கலில் ஆள் எடுப்பார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்ததாகச் செய்தி வந்தது. எனக்கு இடம் கிடைத்தது முழுக்க அதிர்ஷ்டம், அதில் யாருக்கும் சொல்லித்தர ஒன்றுமில்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன். முக்கியமாகச் சம்பள விஷயம்.

பதிவுக்குப் பாஸ்போர்ட்டும் பான் கார்டும் போதும். தேர்வானதாக மெயில் வந்த பிறகு விண்ணப்பம் போட 28 நாள்தான் அவகாசம். அதனால் மெயில் வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி என்பதால் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை முன்கூட்டியே எழுதி வைத்தேன். சராசரி 4.5 வந்தால் போதும், பயப்படும்படி இல்லை. பள்ளிக்கு மேல் குறைந்தது இரண்டு வருஷம் படித்திருக்க வேண்டும், என் பி.காம். சான்றிதழ் அதற்குச் சரியாக இருந்தது. விசா கட்டணம் அப்போது 650 டாலர். செலவுக்கு 5000 டாலர் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும், அன்றைய மதிப்பில் சுமார் இரண்டே முக்கால் லட்சம் ரூபாய். அது போக டிக்கெட் செலவு. ஓசூரில் வேலை பார்த்தபோது சேர்த்தது பாதி, அப்பா தந்தது மீதி. அப்பா போட்ட பணத்துக்கு அவரிடமே ஒரு கடிதம் வாங்கி இணைத்தேன். சென்னையில் அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தேன். விசா வந்துவிட்டது.

வட ஆஸ்திரேலியாவில் இருக்கும் டார்வினில் இறங்கியதும் செய்ய வேண்டியவை மூன்று: சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வரி எண். டிஎஃப்என் என்று சொல்கிற அந்த வரி எண்ணுக்கு ஆன்லைனில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். பணம் கேட்கும் இணையதளங்கள் பக்கமே போகாதீர்கள். மருத்துவக் காப்பீடு ஊரிலேயே எடுத்துவிடுங்கள். அந்த நாட்டு அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் நமக்குக் கிடையாது.

இனி வேலை. ஹாஸ்டலில் ஒரு கன்ட்ராக்டரின் நம்பர் கிடைத்தது. மணிக்கு 20 டாலர், கையில் காசு, பே ஸ்லிப் கிடையாது, தங்குமிடத்துக்கு வாரா வாரம் பிடித்துக்கொள்வார்களாம். 20 டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் வருகிறது, நம் மனசு அங்கேயே தலையாட்டிவிடும். ஆனால் 2025 ஜூலையிலேயே அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலராக ஆகியிருந்தது. நிரந்தரமில்லாத கேஷுவல் ஆளுக்கு விடுப்பு கிடையாது என்பதால் அடிப்படை ஊதியத்துக்கு மேல் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். தோட்ட வேலைக்கும் இப்படிக் கணக்குப் போட்டால் மணிக்கு 30 டாலருக்கு மேல் வரும். பறித்த எடைக்குக் கூலி என்றாலும் 2022 ஏப்ரலுக்குப் பிறகு மணிக்கணக்கின் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக முடியாது. வேலை செய்பவர்களின் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் தளத்தில் இதையெல்லாம் நான் ஊரிலேயே படித்து வைத்திருந்தேன். “எனக்கு பே ஸ்லிப் வேண்டும்” என்றேன். போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான். அப்புறம் தோட்டங்களுக்கு நேரடியாகவே எழுதிக் கேட்டேன். கேத்தரின் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் சீசன் வேலை கிடைத்தது.

கேத்தரின், டார்வினுக்குத் தெற்கே 300 கிலோமீட்டருக்கும் மேலே. அக்டோபர், நவம்பரில்தான் அங்கே மாங்காய் அறுவடை. கிருஷ்ணகிரிக்காரிக்கு மாங்காய் புதுசா என்று நினைத்துத்தான் போனேன், ஆனால் வேலை முறை வேறு. போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் தோப்பில் காம்போடு பறித்து, காம்பைக் கிள்ளிக் குப்புற வைத்துப் பால் வடிய விடுவோம். இங்கே மர வரிசைக்கு நடுவே ஒரு வண்டி மெதுவாக ஊர்ந்து வருகிறது. அதில் விரித்த தார்ப்பாயின்மேல் சோப்புக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். காயைக் காம்பில் ஒடித்த மாத்திரத்தில் அதில் போட வேண்டும். பீய்ச்சி அடிக்கிற பாலைக் கரைசல் கழுவிவிடுவதால் காயின் தோலில் கறை விழாது. நம் தோலுக்குத்தான் அந்த வசதி இல்லை. முழுக்கைச் சட்டை, கையுறை எல்லாம் போட்டும், மணிக்கட்டில் துணி விலகிய இடத்தில் பால் பட்டுக் கொப்புளம் வரும். வந்த புதிதில் பலருக்கு முகமே வீங்கிவிட்டது. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, “பால் பட்ட கையோட கண்ணைத் தொட்டுடாத கண்ணு, தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டுப் போ” என்றார். நானும் தடவினேன், கூட வேலை செய்த பெண்களுக்கும் கொடுத்தேன்.

விடிவதற்குள் ஆரம்பித்து, வெயில் 38 டிகிரியைத் தொடும் நேரத்தில் முடிப்போம். பறித்தது பெரும்பாலும் கென்சிங்டன் பிரைட் ரகம். குயின்ஸ்லாந்தின் பௌவன் ஊரிலிருந்து பரவியது, அதன் பூர்வீகம் இந்தியாவாக இருக்கலாம் என்கிறார்கள். வாசனையில் நம்ம ஊர்க் காய்தான். மல்கோவாவுக்கு ஈடில்லை என்பது என் கட்சி.

தினமும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், இடைவேளை எவ்வளவு, எப்போது முடித்தோம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். வேலை செய்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வாரம் என் அறையில் இருந்த தைவான் பெண்ணுக்கு ஸ்லிப்பில் ஒரு நாள் நேரமே விட்டுப்போயிருந்தது. அவளும் நானும் ஒரே வரிசையில் நின்றவர்கள். நோட்டைக் காட்டிக் கேட்டோம், அடுத்த வாரச் சம்பளத்தில் சேர்த்துவிட்டார்கள். கேட்டால் விசா போய்விடும் என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள். நமக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்டதற்காக ஒரு முதலாளியால் விசாவை ரத்து செய்ய முடியாது. அந்த அதிகாரம் அரசிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்பு எண்ணில் தமிழ் பேசுபவரைக் கேட்கலாம்.

வரி, முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். 45,000 டாலர் வருமானம் வரை இதே விகிதம். சூப்பர் என்கிற ஓய்வூதியப் பணத்தைச் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் முதலாளி கட்ட வேண்டும். நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு அதைத் திரும்பக் கேட்டால் நம்மைப் போன்ற விசாக்காரர்களிடம் 65 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, என் உழைப்பின் கூலிதானே அதுவும். ஆனாலும் மீதி 35 சதவீதத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

இதே விசாவை இரண்டாம் முறை வாங்க, அரசு குறிப்பிட்ட வகை வேலைகளில் மூன்று மாதம் முடித்திருக்க வேண்டும். தோப்பு வேலை முடிந்தபோது எனக்கு அந்த மூன்று மாதம் நிறைவாகவில்லை. 462-காரர்களுக்கு வட ஆஸ்திரேலியாவில் ஹோட்டல் வேலையும் அந்தக் கணக்கில் வரும் என்பதால் டார்வினில் ஒரு ஹோட்டல் சமையலறையில் சேர்ந்து முடித்தேன். இரண்டாம் விசாவுக்குக் குலுக்கல் கிடையாது. பே ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம், முதலாளியின் கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணைத்து விண்ணப்பித்துவிட்டேன். அன்று அந்த 20 டாலருக்குப் போயிருந்தால் இணைக்க ஒரு காகிதமும் இருந்திருக்காது.