ஒரு முங்கு

9 அக்டோபர் 2018, செவ்வாய்

டயாலிசிஸ் நாலு மணி நேரம் ஓடி முடிந்து அம்மா இறங்கும்போது எடை 51.2. இன்னும் ஒரு கிலோ தண்ணி உடம்பில் நிற்கிறது என்றார் டெக்னீஷியன். வரும் வழியில் முருகன்குறிச்சியிலிருந்தே தாமிரபரணி புஷ்கர நீராடல் போஸ்டர். 144 வருசத்துக்கு ஒருமுறை, 144 வருசத்துக்கு ஒருமுறை. அம்மா ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தாள். டயாலிசிஸ் அன்றைக்கு அவளுக்குப் பேசவே தெம்பிருக்காது.

10 அக்டோபர், புதன்

"முறப்பநாட்டு ஆத்துல முங்க என்னைக்கு?" அவ்வளவுதான் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

11 அக்டோபர், வியாழன்

வாக்கியப் பஞ்சாங்கத்தில் 4ஆம் தேதியே குருப்பெயர்ச்சி முடிந்துவிட்டது. திருக்கணிதத்தில் இன்றைக்கு. குரு துலாத்தில் இருந்தபோது காவிரிக்குப் புஷ்கரம், இப்போது விருச்சிகத்துக்கு வந்ததால் நம் ஆற்றுக்கு. அம்மாவுக்கு ராசிக்கு ஒரு நதியாகப் பன்னிரண்டும் மனப்பாடம். மேஷம் கங்கை, ரிஷபம் நர்மதை என்று டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா ஆற்றில் முங்கலாமா என்று டாக்டரிடம் நானே கேட்டேன். யாராவது முடியாது என்று உரக்கச் சொல்லட்டும், அதை அம்மா கேட்கட்டும் என்றுதான். சொன்னார். கழுத்தில் போட்டிருக்கும் குழாயின் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கட்டு நனைந்தால் கிருமி நேராக ரத்தத்துக்குப் போகும். ஆறும் கூடாது, குளமும் கூடாது, வீட்டில் தலைக்கு ஊற்றுவதும் கூடாது. டயாலிசிஸ் ஊசி போடக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த பிஸ்டுலா தயாராகிக் கழுத்துக் குழாயை எடுத்த பிறகு பார்க்கலாம்.

"அதுக்கு எத்தனை நாள் ஆகும் சார்?"

"இன்னும் ஒரு மாசமாவது ஆகும்மா."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். அதற்குள் புஷ்கரம் முடிந்துவிடும். போஸ்டர் 144 என்று சொன்னாலும், அடுத்த புஷ்கரம் பன்னிரண்டு வருசம் கழித்து. டாக்டர் போன பிறகு என்னிடம், "அவரு நல்ல மனுசன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

13 அக்டோபர், சனி

அம்மாவுக்குத் தண்ணி ஒரு நாளைக்கு 800 மில்லி. அம்மாவின் எவர்சில்வர் டம்ளரில் உள்பக்கமாக நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறேன். கோடு வரைக்கும் 100. காலையில் காப்பி ஒன்று. மாத்திரைக்கு அரை, அரை. ரசம், மோர், கீரையில் நிற்கும் தண்ணி எல்லாமே கணக்கு. இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் என்று நிறுத்தியாயிற்று. மத்தியானத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பாள். ஐஸ் கட்டி ஒன்று தருவேன். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

இந்த நிலைமையில் இருப்பவளுக்குத் தினமும் பேப்பரில் அணை நிலவரம் வாசிக்கணும். அப்பா இருந்த காலத்துப் பழக்கம். பாபநாசம் 143 அடிக்கு எத்தனை குறைவு, சேர்வலாறு எத்தனை, மணிமுத்தாறு 118க்கு எத்தனை. கேட்டுவிட்டு, "பெருகத்தான் செய்யும். மலையில கறுப்பு கட்டிருக்கு" என்கிறாள். இந்த ஜன்னலிலிருந்து மலை தெரியாது.

14 அக்டோபர், ஞாயிறு

சித்தி சென்னையிலிருந்து வந்து, நேராகப் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு, சாயங்காலம் இங்கே வந்தாள். போன வருசம் காவிரி புஷ்கரத்துக்கு மயிலாடுதுறை துலாக்கட்டமும் போனவள். கால் வைக்க இடமில்லை, சாயங்காலம் ஆரத்தி பார்க்கக் கண் கோடி வேணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா ஆசையாகக் கேட்டாள்.

துணி கிடக்கிறதா என்று நான் கேட்டேன். "ஐயோ அதை ஏன் கேக்குத" என்றாள். கட்டியிருந்த புடவையை, வேட்டியை அப்படியே ஆற்றில் கழற்றி விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் துணியோடு போய்விடுமாம். வழக்கமான அமாவாசைக்கே பாபநாசத்தில் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். கல்லிடுக்கில் சேலை சுற்றி, அதில் கால் மாட்டினால் நீச்சல் தெரிந்தவனே தப்ப மாட்டான். பொதிகையில் பிறந்து இந்த மாவட்டங்களைத் தாண்டாமலே கடலில் சேர்கிற ஆறு இது. வெளியிலிருந்து வந்து கழுவிக்கொடுக்க வேறு ஆறு கிடையாது. இதன் மேல் போட்டது இதிலேயே கிடக்கும். அது புரியாத பக்தியை என்னால் பக்தி என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அம்மா குறுக்கிட்டாள். "ஆத்தா மேல அழுக்குத்துணிய எவளாவது போடுவாளா?"

சித்தி ஒரு கேனில் தண்ணி கொண்டுவந்திருந்தாள். அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினாள். "இது பாபநாசத்துத் தண்ணி."

15 அக்டோபர், திங்கள்

கேன் சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது.

16 அக்டோபர், செவ்வாய்

டயாலிசிஸ். இரண்டரை கிலோ எடுத்தார்கள். பாதியில் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மா தூங்கின நேரத்தில் மருந்து வாங்க ஜங்ஷன் போனேன். சுலோச்சன முதலியார் பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. கீழே கொக்கிரகுளம் பக்கம் குளிக்கிற கூட்டம், குழந்தைகள், மஞ்சள் துணி, சிரிப்பு. 1999 ஜூலை 23 இதே இடம். கூலி கேட்டு ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள், போலீஸ் தடியடிக்கு ஓடி, இந்த ஆற்றில் இறங்கி, செத்தது பதினேழு பேர். ஒரு கைக்குழந்தையும். இந்த ஊர்க்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. இன்றைக்கு ஆரத்தி காட்டும்போது அவர்களுக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் ஏற்றினால் ஆறு நிறைவாக ஏற்றுக்கொள்ளும் என்று தோன்றியது. வண்டி நகர்ந்துவிட்டது.

17 அக்டோபர், புதன்

இன்றைக்கு வாயைத் திறந்து கேட்டேன். "பாபநாசம் சுத்தமா இருக்கும். போனா அங்க போவோம். நம்ம முறப்பநாட்டுக்கு முன்னாலயே திருநெல்வேலி ஊருச் சாக்கடை அத்தனையும் ஆத்துல கலக்குல்லா."

"அங்கதான் ஆறு தெக்கே பாத்துப் போகும். அது தட்சிண கங்கை. ஒன்பது கைலாயத்துல அதுதான் குரு ஸ்தலம். குரு வந்திருக்கப்ப குரு ஊருக்குப் போகாம வேற எங்க போவ?"

பிறகு அந்தக் கதை. சோழ ராஜாவுக்குக் குதிரை முகத்தோடு ஒரு பெண் பிறந்தாள். ராஜா கோயில் கோயிலாக அலைந்து கடைசியில் முறப்பநாட்டில் அவளை முங்கவைத்தான். முகம் மாறிவிட்டது. அந்தக் குதிரை முகத்தை நந்தி வாங்கிக்கொண்டது. சின்ன வயதில் அந்த நந்தி முகத்தைத் தொட்டுத் தொட்டு வளர்ந்தவள் அம்மா.

"அந்தப் பிள்ளைக்கு முகமே மாறிருக்கு. நான் என்னத்தளா கேக்கேன்? ஒரு முங்கு."

தம்பியிடமிருந்து இரண்டு நாளாகப் பதில் இல்லை. டிக்கெட் போட்டானா இல்லையா.

18 அக்டோபர், வியாழன்

ஐப்பசி பிறந்துவிட்டது. சரஸ்வதி பூஜையும் டயாலிசிஸும் ஒரே நாள். ஆஸ்பத்திரி மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அம்மா தன்னுடைய மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலையில் எழுந்ததும் பிஸ்டுலா வைத்த அவள் இடது கையைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. தோலுக்கு அடியில் பூனை குறுகுறுப்பது மாதிரி ஓர் ஓட்டம் இருக்கணும். இருந்தது. பந்து அமுக்கச் சொல்லி ஞாபகப்படுத்தணும், மறந்துவிடுகிறாள்.

19 அக்டோபர், வெள்ளி

தம்பி வந்துவிட்டான்! நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இடம் கிடைக்காமல் பஸ் மாறி மாறி. அம்மாவுக்கு முகமே வேறு. ராத்திரி ஆயிரத்தம்மன் சப்பரம் பார்க்க வாசலில் நாற்காலி போடச் சொன்னாள். மேளச்சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கிறது. தசராவும் புஷ்கரமும் சேர்ந்து பாளையங்கோட்டையில் யாரும் தூங்குகிற மாதிரி இல்லை.

தம்பியும் நானும் மாடியில் சண்டை. "அவ ஆசைப்படுதா, கூட்டிட்டுப் போவோம்" என்கிறான். சொல்லிவிட்டு ஞாயிறு ராத்திரி வண்டி ஏறிவிடுவான். திங்கள்கிழமை குளிர்காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? அதையும் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாக்கு அங்க தர்ப்பணம் பண்ணணும்க்கா" என்றான்.

20 அக்டோபர், சனி

கட்டு மாற்றும்போது நர்ஸ் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒட்டும் பிளாஸ்திரியை இரண்டு அடுக்காகப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து, ஓரமெல்லாம் ஒட்டிவிட்டார்கள். "கழுத்துக்குத் தண்ணி வரவே கூடாது. முழங்காலோட நிறுத்துங்க. குளிர் வந்து நடுங்கினா அந்த நிமிசமே கிளம்பி வந்திருங்க."

முழங்கால் வரை என்று அம்மாவிடம் பேசி முடித்தோம். தலையாட்டினாள்.

21 அக்டோபர், ஞாயிறு

விடிகிறதுக்குள் கிளம்பினோம். தூத்துக்குடி ரோட்டில் வண்டிகள் வரிசையாக நிற்க, போலீஸ்காரர் அம்மாவின் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு காரை உள்ளே விட்டார். அவர் நன்றாக இருக்கணும்.

முதலில் கைலாசநாதர். குதிரை முக நந்தியை அம்மா தொடவில்லை, எட்டவில்லை. நாற்காலியோடு தூக்கிப் படித்துறையில் இறக்கினோம். கடைசிக்கு முந்தின படியில் கணுக்கால் தண்ணி. ஆறு நல்ல ஓட்டம், லேசான செம்மண் நிறம். மணல் அள்ளின பள்ளம் இருக்கும் பக்கம் போகக் கூடாது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கயிறு கட்டியிருந்தது. தம்பி இடுப்பளவில் நின்று மூன்று முங்கு போட்டான். ஐயர் சங்கல்பம் சொல்லி, அப்பா பெயர், தாத்தா பெயர், எள்ளும் தண்ணியும். அப்பா பெயர் சொல்லும்போது அம்மா கை கூப்பியிருந்தாள். ஐயர் அவள் தலையில் தர்ப்பையால் தெளித்து, "முங்கின பலன் உண்டும்மா, சந்தேகமே வேண்டாம்" என்றார்.

நாற்காலிக் காலில் ஒரு சேலை சுற்றிக்கொண்டது. காவி நிறம், ஜரிகை போட்டது, யாரோ கழற்றி விட்டது. "அதை எடு, அதை எடு" என்று அம்மா பதறினாள். கரையில் நின்ற கல்லூரிப் பையன் ஒருத்தன் கொக்கிக் கம்பால் இழுத்துக் கரையில் போட்டான். அவனுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. நான் அந்தக் குவியலைப் பார்த்துத் திரும்பின நேரம்தான். அம்மா குனிந்து, வலது கையைக் குழித்து, அள்ளிக் குடித்தாள். ஒன்று. நான் "அம்மா" என்று கத்தும்போது இரண்டு. தம்பி பிடிக்கும்போது மூன்று. தண்ணி தாடையில் வழிந்தது. தாளின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். இந்த வருசம் முழுக்க நான் அதைப் பார்க்கவில்லை.

"ராத்திரி ரசம் வேண்டாம். இதை அதுல கழிச்சுக்கோ" என்றாள்.

வீடு வரும்வரை நான் பேசவில்லை. தம்பி மட்டும் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். வந்ததும் கட்டைப் பிரித்து மேல்தாளை மாற்றினேன். காய்ச்சல் இல்லை. வயிறும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி எட்டரைக்குக் கிளம்பினான்.

22 அக்டோபர், திங்கள்

ரசம் கேட்டாள். கொடுத்தேன், கோடு வரைக்கும்.

23 அக்டோபர், செவ்வாய்

டயாலிசிஸில் நடுக்கம் இல்லை. எடை ஏற்றம் 1.9தான். டாக்டர் "நல்லா கட்டுப்பாடா இருக்கீங்க" என்றதும் அம்மா என்னைப் பார்த்தாள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டேன். காய்ச்சல் இல்லாமல் எதற்கு என்றார். மூன்று கை ஆற்றுத்தண்ணி குடித்ததைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். கல்ச்சர் எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

24 அக்டோபர், புதன்

ராத்திரி பதினொன்றுக்கு, "லேசா குளிருத மாதிரி இருக்கு" என்றாள். பேனை நிறுத்தினேன். 98.6. வெளியே மழை வேறு, அந்தக் குளிராகவும் இருக்கலாம். ஆட்டோ அண்ணாச்சிக்குப் போன் பண்ணி முழித்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பைல், காப்பீட்டு அட்டை, மாற்றுத்துணி பையில் எடுத்து வைத்தாயிற்று. ஒரு மணிக்குத் திரும்பக் காய்ச்சல் பார்க்கணும்.