டாக்டர் லிம்மும் எங்கள் வீட்டுச் சம்பளமும்

பினாங்குக்கு விடுமுறையில் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு ‘துன் டாக்டர் லிம் சோங் யூ’ என்றால் ஒரு நெடுஞ்சாலை. விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வரும் வழியில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். நம்மைப் போல பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தவர்களுக்கு அவர் அதற்கும் மேலே. கிரீன் லேன் வகுப்பறைகளில் நமக்கு முன்னால் உட்கார்ந்து படித்தவர். டாக்டராகிப் பிறகு அரசியலுக்குப் போனவர். 21 வருடம் பினாங்கின் முதலமைச்சர். நம் பழைய மாணவர் சங்க மலரின் தமிழ்ப் பக்கங்களுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். நான் அந்தப் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டின் நிலைமை மாறியதற்குக் காரணமாக இருந்தவர் அவர். அதனால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

1919ல் ஜார்ஜ் டவுனில் பிறந்தார். 1937ல் ராணி உதவித்தொகை கிடைத்து எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1944ல் மருத்துவப் பட்டம். போர் முடிந்து ஊர் திரும்பி மருத்துவத் தொழில் பார்த்தார். அந்தக் காலத்து பினாங்கில் எடின்பரோவில் படித்த டாக்டருக்குக் கௌரவத்துக்கும் குறைவில்லை, வருமானத்துக்கும் குறைவில்லை. அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 1951லேயே ரேடிக்கல் கட்சியில் முன்னணியில் நின்றார். அந்த வருடக் கடைசியில் ஜார்ஜ் டவுன் நகராட்சித் தேர்தலில் ஒன்பது இடங்களில் ஆறு அந்தக் கட்சிக்குக் கிடைத்தன. மலாயாவில் நடந்த முதல் தேர்தல்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு அவருடைய அரசியல் ஏறியும் இறங்கியும் போனது. 1958ல் மூத்த தலைவர் டான் செங் லோக்கை வென்று ஆளும் கூட்டணியில் இருந்த மலாயா சீனர் சங்கத்தின் (ம.சீ.ச.) தலைவரானார். அடுத்த வருடமே பொதுத்தேர்தல். 104 நாடாளுமன்ற இடங்களில் ம.சீ.ச.வுக்கு 40 வேண்டும் என்று கேட்டார். கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் மறுத்துவிட்டார். துங்குவும் நம் பள்ளியில் படித்தவர் என்பதை இந்த மலரைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் கிடைத்தது 31. லிம் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஆளும் கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சிக்குத் தலைவராக இருந்தவர், நாற்பது வயதில் எல்லாவற்றையும் இழந்து பினாங்குக்குத் திரும்பினார்.

சரி, முடிந்தது என்று பலரும் நினைத்திருப்பார்கள். அவர் 1962ல் ஐக்கிய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1968ல் அதையும் விட்டு கெராக்கான் என்ற புதிய கட்சியில் சேர்ந்தார். கெராக்கானைத் தொடங்கியவர்களில் டான் சீ கூன் இன்னொரு டாக்டர். தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்டும் கூட இருந்தார். எங்கள் அப்பா போன்றவர்களை அந்தக் கட்சியின் பக்கம் திருப்பியது டேவிட்டின் பெயர்தான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தொங்காங் படகுகளில் வந்து இறங்கும் ரப்பரையும் கொப்பரையையும் கிட்டங்கிக்கு ஏற்றுவது. சுமத்ராவிலிருந்து சரக்கு வந்தால் எங்கள் வீட்டில் மீன் குழம்பு இருக்கும். 1963ல் இந்தோனேசியாவுடன் மோதல் தொடங்கி அந்த வியாபாரம் படுத்துவிட்டது. மோதல் முடிந்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 1967ல் பவுண்டின் மதிப்பு குறைந்தபோது காலனி காலத்திலிருந்து புழங்கிய நம் பழைய நோட்டுகளின் மதிப்பும் இறங்கியது. ஒரு வெள்ளி (டாலர்) 85 காசாயிற்று. அம்மா அரிசி டின்னுக்கு அடியில் பழைய நோட்டாகவே சேர்த்து வைத்திருந்தார். அன்றைக்கு அவர் நோட்டுகளைத் தரையில் பரப்பி, எண்ணி, மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நவம்பரில் இதை எதிர்த்து நடந்த கடையடைப்பு கலவரமாகி ஊரடங்கு வந்தது. 1969ல் பினாங்குத் தீவின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியையும் எடுத்துவிட்டார்கள். ஊரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை.

அந்த 1969 மே தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16ஐ கெராக்கான் பிடித்தது. டாக்டர் லிம் முதலமைச்சரானார். சில நாளிலேயே கோலாலம்பூரில் மே 13 இனக்கலவரம். நாடு முழுக்க அவசரநிலை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் அவர் ஆட்சி தொடங்கியது.

நான் 1970ல் முதலாம் படிவத்தில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வருடத்தில், சேர்ந்தேன். பள்ளியில் பெரிய ஆட்களின் பெயருக்குப் பஞ்சமில்லை. மஞ்சூரியாவில் கொள்ளைநோயை அடக்கிய டாக்டர் வூ லியென் தே நம் பள்ளிக்காரர், நடிகர் பி. ரம்லீயும் அப்படியே. ஆனால் உயிரோடு இருந்து, காலையில் அலுவலகம் போய், நம் ஊருக்கு என்ன செய்யலாம் என்று முட்டி மோதிக்கொண்டிருந்தவர் டாக்டர் லிம் ஒருவர்தான். அதனால் அவர் பெயரைக் கேட்டால் எனக்கு ஒரு தனி மரியாதை வரும்.

துறைமுகத்தை மட்டும் நம்பியிருந்தால் ஊர் மீளாது என்று அவர் முடிவு செய்தார். 1969லேயே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் வந்தது. 1972ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வளாகம். மூலப்பொருளை வரியில்லாமல் இறக்கி, பொருளாக்கி, வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பக்கத்திலேயே விமான நிலையம். சின்ன மின்னணுச் சில்லுகளைக் கப்பலில் அனுப்ப வேண்டியதில்லை, விமானமே போதும். நெல் வயலாக இருந்த இடத்துக்கு இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன் என்று எட்டு கம்பெனிகள் முதலில் வந்தன. கம்பெனிக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசி அழைத்துவந்த அந்த முயற்சியில் டாக்டர் லிம்தான் முன்னால் நின்றார்.

1972ல் கெராக்கான் மத்தியக் கூட்டணியோடு சேர்ந்தது. அதற்குள் டான் சீ கூனும் டேவிட்டும் பிரிந்து போய்விட்டார்கள். எதிர்த்து வென்றவர் அவர்களோடே சேர்ந்துவிட்டாரே என்று அப்பாவுக்குக் கடும் கோபம். டேவிட் இல்லாத கெராக்கானுக்கு இனி ஓட்டு இல்லை என்றார், கடைசிவரை போடவும் இல்லை. நான் அப்பாவோடு உடன்படவில்லை, இன்றும் அப்படித்தான். சுங்கம், தொழில் உரிமம், விமான நிலையம் எல்லாமே கோலாலம்பூர் கையில். மாநில அரசிடம் இருந்தது நிலம் மட்டும்தான். மத்திய அரசோடு சண்டை போட்டுக்கொண்டே தொழிற்சாலை கொண்டுவந்திருக்க முடியாது.

வேலை வந்தது. ஆனால் வேலை போன அப்பாவுக்கு வரவில்லை, அக்காவுக்கு வந்தது. இதைத் தவறாமல் சொல்லியாக வேண்டும். அந்தத் தொழிற்சாலைகள் கேட்டது இளம் பெண்களை. அக்காவுக்கு அப்போது பதினெட்டு. விடியுமுன் ஜெலுத்தோங் சாலையில் ஃபேக்டரி பஸ் வந்து நிற்கும். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் ஒன்றாக ஏறுவார்கள். அங்கே அக்கா நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஒட்டுவார். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். மாதக் கடைசியில் சம்பள உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார். என் புத்தகம், சீருடை, ஐந்தாம் படிவத் தேர்வுக் கட்டணம் எல்லாம் அந்த உறையிலிருந்து வந்தவை. அப்பா அந்த உறையைப் பார்க்கமாட்டார். எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

சம்பளம் குறைவுதான். மின்னணுத் துறையில் தொழிற்சங்கம் வைக்கப் பல வருடம் அனுமதி கிடைக்கவில்லை. டாக்டர் லிம்மைப் புகழ்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் கொண்டுவந்த வளர்ச்சியை முதுகில் சுமந்தது அக்கா போன்ற பெண்கள். கம்பெனிகளின் பெயர் வரும் இடத்தில் அவர்களும் வரவேண்டும்.

அவர் ஆட்சியில் எழுந்த கொம்தார் கோபுர விஷயத்திலும் எனக்கு மனக்குறை உண்டு. 65 மாடி, 1986ல் முடிந்தபோது மலேசியாவிலேயே உயரமான கட்டடம். அதற்காக நகரத்தின் நடுவில் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிபட்டன. அங்கே வாழ்ந்தவர்களும் வியாபாரம் செய்தவர்களும் சிதறிப்போனார்கள். தீவையும் எதிர்க்கரையையும் இணைத்து 1985ல் திறந்த பாலம் வேறு கதை. 13.5 கிலோமீட்டர். அதற்கு முன் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போக ஃபெரியை விட்டால் வேறு வழி கிடையாது. பெருநாள் சமயத்தில் அந்த வரிசையில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும்.

1990 தேர்தலில் பாடாங் கோத்தா தொகுதியில் ஜனநாயக செயல் கட்சியின் லிம் கிட் சியாங்கிடம் சில நூறு ஓட்டில் டாக்டர் லிம் தோற்றார். எழுபத்தொரு வயது. அத்தோடு அரசியலை விட்டார். 2010 நவம்பரில் 91 வயதில் காலமானார்.

நான் அப்போது ஊரில் இல்லை. அக்கா கடைசி மரியாதை செலுத்தப் போயிருந்தார். தன்னோடு மைக்ராஸ்கோப் வரிசையில் உட்கார்ந்த பழைய தோழிகள் இரண்டு பேரை அங்கே சந்தித்ததாகத் தொலைபேசியில் சொன்னார்.

நம் சங்கம் பள்ளி மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை தொடங்கப் போவதாக அறிகிறேன். அதற்கு டாக்டர் லிம்மின் பெயரை வைக்கலாம் என்பது என் கோரிக்கை. அவரும் உதவித்தொகையில் படித்தவர்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதில் இருக்கிறார்கள். முதல் வருடம் அவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். என் பங்கை அனுப்பத் தயாராக இருக்கிறேன். அக்காவும் தன் பங்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.