அப்பாவும் 28 சிலிண்டர் எஞ்சினும் - ரீனோ விமானப் பந்தயம், 2023

அப்பா கோயம்புத்தூர்ல இருந்து வந்து ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. கோல்டன் கேட் பாலம் காட்டியாச்சு, யோசெமிட்டி கூட்டிட்டு போயாச்சு, எல்லாத்துக்கும் "நல்லாருக்குது சாமி"ன்னு ஒரே பதில்தான். கோயம்புத்தூர் கணபதி ஏரியாவுல நாப்பது வருஷம் லேத் பட்டறை வச்சிருந்த மனுஷனுக்கு மலையும் பாலமும் எத்தன நாளைக்கு ஓடும். செப்டம்பர்ல நெவாடா மாநிலத்து ரீனோவுல பழைய யுத்த விமானங்கள வச்சு பந்தயம் நடக்கும், அந்த ஊர்ல இதுதான் கடைசி வருஷம்னு சொன்னேன், அதுவும் பிளேன் பக்கத்துலயே நின்னு எஞ்சின திறந்து வேலை பாக்குறத பாக்கலாம்னு சொன்னதும்தான் டிவிய ஆஃப் பண்ணிட்டு திரும்பினாரு. "எஞ்சின திறந்து வச்சிருப்பானுங்களா?" அவ்ளோதான், டிக்கெட் போட்டாச்சு, விமானங்கள நிறுத்தி வேலை பாக்குற பிட்டுக்குள்ள போறதுக்கான பாஸும் சேத்து.

வெள்ளிக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு கலிஃபோர்னியாவுல நாங்க இருக்குற ஃப்ரீமான்ட்ல இருந்து கிளம்பினோம். அம்மா பேரப்பசங்களோட வீட்டுலயே இருந்துக்கறேன்னுட்டாங்க, புளிசாதம் மட்டும் கட்டிக் குடுத்தாங்க. ஐ-80ல சேக்ரமென்டோ தாண்டி, டானர் கணவாய் ஏறி எறங்கினா அந்தப் பக்கம் பச்சையே இல்ல, நெவாடா பாலைவனம், காஞ்ச புதர், பழுப்பு மலை. ரீனோ டவுனுக்கு வடக்க கொஞ்ச தூரத்துல ஸ்டெட் ஏர்போர்ட். கடல் மட்டத்துல இருந்து 5,000 அடி, காலைல ஸ்வெட்டர் வேணும், பத்து மணிக்கு மேல மண்டைய பொளக்குற வெயில்.

இந்தப் பந்தயம் ஏன் இப்படி ஒரு வனாந்தரத்துலன்னா அதுக்கு ஒரு சோகமான காரணம் இருக்கு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அமெரிக்காவுல ஆயிரக்கணக்குல சண்டை விமானங்கள் மிச்சமாகி அடிமாட்டு விலைக்கு வித்தாங்க, யுத்தத்துல ஓட்டின பைலட்டுங்களே வாங்கி கிளீவ்லேண்ட்ல பந்தயம் விட்டாங்க. 1949ல மஸ்டாங்ங்கிற ரகத்து சண்டை விமானம் ஒண்ணு கட்டுப்பாடு இழந்து ஊருக்குள்ள ஒரு வீட்டு மேல விழுந்துச்சு, வீட்டுல இருந்த ஒரு அம்மாவும் அவங்க குழந்தையும் பைலட்டும் செத்துப்போனாங்க. அதோட அங்க நின்னுபோச்சு. பதினஞ்சு வருஷம் கழிச்சு 1964ல பில் ஸ்டெட்ங்கிற பண்ணைக்காரர்தான் நெவாடாவுல இத மறுபடி உயிர்ப்பிச்சாரு, ரெண்டு வருஷத்துல ஸ்டெட் ஏர்போர்ட்டுக்கு மாறி வந்து அங்கயே வேர் விட்டுருச்சு. இப்ப அந்த ஏர்போர்ட்ட சுத்தியும் வீடு, குடோன்னு வந்துருச்சு, இன்சூரன்ஸ் எங்கயோ ஏறிருச்சு, 2023தான் கடைசின்னு முன்னாடியே அறிவிச்சுட்டாங்க.

உள்ள போனதும் கேலரிக்கு போலாம்னு நான் சொல்ல, அப்பா நேரா பிட்டுக்கு நடந்தாரு.

அங்க ட்ரெட்நாட் நின்னுட்டு இருந்துச்சு. பந்தய நம்பர் 8. பிரிட்டிஷ் சீ ஃப்யூரி விமானம், ஒரு காலத்துல பர்மா விமானப்படைல இருந்தது, அங்க இருந்து வாங்கிட்டு வந்து அதோட 18 சிலிண்டர் எஞ்சின கழட்டிட்டு பிராட் அண்ட் விட்னியோட ஆர்-4360ங்கிற ராட்சசன மாட்டி இருக்காங்க, 1983ல முதல் தடவ இங்க வந்தப்பவே ஜெயிச்சது. அந்த எஞ்சின நேர்ல பாக்கணும். ஏழு சிலிண்டர் வட்டமா ஒரு வரிசை, அது மாதிரி நாலு வரிசை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, ஒவ்வொரு வரிசையும் முன்னாடி வரிசைல இருந்து கொஞ்சம் திருகினாப்ல இருக்கும், பின்னாடி சிலிண்டருக்கும் காத்து போகணும்ல அதுக்கு. சோளக்கதிருன்னுதான் அதுக்குப் பட்டப்பேரே. மொத்தம் 28 சிலிண்டர், 71 லிட்டர் கொள்ளளவு. நம்ம வீட்டு கார் ஒன்றரை லிட்டர்.

அப்பா கீழ குனிஞ்சாரு. எஞ்சினுக்கு அடியில தகரத் தட்டு வச்சிருந்தாங்க, ஆயில் சொட்டு சொட்டா விழுந்துட்டு இருந்துச்சு. நட்சத்திர வடிவ எஞ்சின்ல அது சகஜம், கீழ்ப்பக்க சிலிண்டருங்கள்ல ஆயில் எறங்கி நிக்கும். விரல்ல ஒரு சொட்டு தொட்டு கட்டைவிரலோட சேத்து தேச்சுப் பாத்தாரு, இரும்புத்தூள் நெருடுதான்னு பாக்குறாருன்னு எனக்குத் தெரியும், சின்ன வயசுல இருந்து பாத்த கை அது. அதே கைய அந்தப் பக்கம் நின்ன ஒரு வயசான மெக்கானிக்கும் பாத்துட்டாரு. நரைச்ச தாடி, முழங்கை வரைக்கும் ஆயில் கறை. அவரா சிரிச்சுட்டே கிட்ட வந்தாரு.

அப்பறம் நான் தேவையே இல்ல. அப்பாவுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் பிஸ்டன், ரிங், புஷ், கேஸ்கெட், தௌ (இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), மைக்ரான் அவ்ளோதான், ஆனா அங்க அதுக்கு மேல எதுவும் வேண்டியதா இல்ல. சிலிண்டருக்கு ரெண்டு ப்ளக், ஆக மொத்தம் 56 ப்ளக். அந்தப் பெரியவர் ஓட்டை போட்ட ஒரு மரப்பலகைல கழட்டின ப்ளக்க எல்லாம் சிலிண்டர் நம்பர் வாரியா குத்தி வச்சிருந்தாரு. ஒண்ணொண்ணா எடுத்து அதோட முனைய வெளிச்சத்துல காட்டினாரு. காப்பிப்பொடி கலர்ல இருந்தா எரிப்பு சரியா நடக்குது, வெள்ளையா வெந்து போயிருந்தா சூடு அதிகம், கருப்பா எண்ணெய் படிஞ்சிருந்தா அந்த சிலிண்டர்ல ரிங்கோ வால்வோ ஏதோ கோளாறு. ஒரு ப்ளக்க எடுத்து அப்பா ரொம்ப நேரம் பாத்துட்டு "இதுல பொடிப்பொடியா அலுமினியம் ஒட்டியிருக்குது பாரு"ன்னாரு. நான் மொழிபெயர்த்து சொல்றதுக்குள்ள அந்தப் பெரியவர் அப்பாவோட விரல் போன இடத்த பாத்துட்டு தலைய ஆட்டினாரு. பிஸ்டன் தலை உருக ஆரம்பிச்சா அப்படித்தான் வருமாம், அது போன வருஷத்து ப்ளக்காம், பாடத்துக்கு வச்சிருக்காரு.

மஸ்டாங் இருக்குற பக்கம் போனா அது வேற வேதம். அதுல மெர்லின் எஞ்சின், வி-12, 27 லிட்டர், தண்ணில குளிர்ற ரகம். ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைச்சு அமெரிக்காவுல பேக்கார்ட் கம்பெனி செஞ்சு குடுத்தது. எஞ்சினுக்குள்ள திணிக்கிற காத்தோட அழுத்தத்த பாதரச இன்ச் கணக்குல சொல்றாங்க, கடல் மட்டத்துல வெளிக்காத்து 30 இன்ச், யுத்த காலத்துல டேக்ஆஃபுக்கு 61 இன்ச் வரைக்கும் போகலாம்னு வச்சிருந்தாங்க, பந்தயத்துல இவங்க 100ஐயும் தாண்டி திணிக்கிறாங்க. அவ்ளோ திணிச்சா பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும், அதத் தடுக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்து எஞ்சினுக்குள்ளயே பீய்ச்சுறாங்க. ரேடியேட்டர் மேலயும் தண்ணி தெளிச்சுட்டே ஓட்டறாங்க, ஆவி பறக்கும். மெர்லினோட சொந்த கனெக்டிங் ராடு இந்தப் பாட்டுக்குத் தாங்காதுன்னு அதுக்குப் போட்டியா இருந்த ஆலிசன் எஞ்சினோட ராட எடுத்து இதுல போடறாங்க. இதக் கேட்டதும் அப்பாவுக்கு அவ்ளோ சந்தோஷம். "அடேங்கப்பா, டெக்ஸ்மோ மோட்டாருக்கு சிஆர்ஐ சாஃப்ட்டு போட்டாப்லல்ல இருக்குது!" ரெண்டும் எங்க ஊர் பம்புசெட்டு கம்பெனிங்க.

மதியத்துக்கு மேலதான் அன்லிமிடெட் ரகம் பறக்கும். பிஸ்டன் எஞ்சின், புரொப்பல்லர், குறைஞ்சது 4,500 பவுண்டு எடை, மத்தபடி பெருசா தடையில்ல, அதான் அந்தப் பேரு. டேக்ஆஃப் ஆகி எல்லாம் ஒரு வழிகாட்டி விமானத்துக்குப் பக்கத்துல வரிசை கட்டி, பீவைன் மலைய சுத்தி வந்து சரிவுல எறங்கும். மொதல்ல ஒண்ணும் தெரியாது, மலைக்கு முன்னாடி கருப்பா நாலஞ்சு புள்ளி. வழிகாட்டி விமானம் சட்டுன்னு மேல ஏறும், ரேடியோல "ஜென்டில்மென், யூ ஹேவ் எ ரேஸ்"னு குரல் வரும். பாப் ஹூவர்ங்கிற பெரிய பைலட் மஞ்சள் மஸ்டாங்ல இருந்து வருஷக்கணக்கா சொன்ன வாசகம், அவர் 2016ல போய் சேந்துட்டாரு, வாசகம் மட்டும் நிக்குது.

அப்பறம் வந்துச்சு பாருங்க. மொதல்ல சத்தமே வரல, விமானம் பெருசாகிட்டே வருது, தரையில இருந்து அம்பதடி நூறடி உசரத்துல, ஒரு றெக்கை பூமியப் பாத்தும் இன்னொண்ணு வானத்தப் பாத்தும் நிக்கிற அளவுக்கு சாஞ்சு, நம்மளத் தாண்டுற அந்த நொடியில மொத்த சத்தமும் ஒண்ணா வந்து நெஞ்சுல அறையுது. மெர்லின் சத்தம் துணிய நீளமா கிழிக்கிறாப்ல ஒரே சீரா வரும், ட்ரெட்நாட் வர்றப்ப கீழ்ஸ்தாயில தவில் உருட்டுற மாதிரி உக்காந்திருக்குற பெஞ்ச்சே அதிரும். அதோட மேல புரொப்பல்லர் முனை சத்தத்தோட வேகத்த நெருங்கறப்ப ஒரு கரகரப்பு வரும், ஜெட்ல அது கிடையாது, யூடியூப்ல கேட்டது எதுவும் இதுல பாதி கூட இல்ல. சுமார் 8 மைல் சுத்து, டெலிஃபோன் கம்பத்து உச்சில டிரம்ம கவுத்தி வெச்சு திருப்பத்துக்கு அடையாளம், அதுக்கு உள்பக்கமா போயிட்டா தண்டனை. மணிக்கு 400 மைலுக்கு மேல போறப்ப ஒரு சுத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் கூட. தூரத்துல மலை ஓரமா புள்ளியா போயி, நம்ம மூச்சு விட்டு எச்சில் முழுங்கறதுக்குள்ள திரும்ப வந்துடும்.

மூணாவது சுத்துல ஒரு மஸ்டாங் நேரா வானத்துல ஏற ஆரம்பிச்சுது. மேடே, அதாவது ஆபத்துன்னு பைலட் ரேடியோல சொல்ற வார்த்தை. எஞ்சின் போச்சுன்னா மொதல் வேலை மேல ஏறுறதுதான், கையில இருக்குற வேகத்த எல்லாம் உசரமா மாத்திட்டு அங்க இருந்து ரன்வேய தேடி மிதந்து வரணும். கேலரில அத்தன பேரும் எழுந்து நின்னுட்டாங்க, யாரும் பேசல. புரொப்பல்லர் சும்மா காத்துல சுத்திட்டு இருக்க, கிளைடர் மாதிரி ஒரு வளைவு போட்டு எறங்கி சக்கரம் தொட்டப்ப வந்த கைத்தட்டல் ஜெயிச்சவனுக்குக் கூட வரல. அப்பா கண்ணத் தொடச்சாரு. தூசின்னு சொன்னாரு.

ராத்திரி ரீனோ ரூம்ல புளிசாதம் சாப்டுட்டு இருக்கறப்ப நான் 2011 விஷயத்த சொன்னேன். அந்த வருஷம் செப்டம்பர் 16, கேலப்பிங் கோஸ்ட்ங்கிற மஸ்டாங் பந்தயத்துக்கு நடுவுலயே பார்வையாளருங்க பக்கம் வந்து விழுந்து பைலட்டோட சேத்து 11 பேர் செத்துட்டாங்க. விசாரணைல என்ன தெரிஞ்சுதுன்னா வால் பக்கம் இருக்குற ட்ரிம் டேப்ங்கிற சின்னத் தகடு, அதோட ஸ்க்ரூவ புடிச்சிருந்த லாக் நட்டு பழசு, உள்ள இருக்குற பிடிமானம் தேஞ்சு போயி ஸ்க்ரூ லூசாயிருச்சு, அந்த வேகத்துல தகடு படபடத்து உடைஞ்சு போச்சு. அப்பா சாப்பிடறத நிறுத்திட்டாரு. "நைலாக் நட்ட ஒருக்கா கழட்டினா குப்பைல போட்டறோணும் சாமி. பட்டறைக்கு வர்ற பசங்களுக்கு மொத நாள் சொல்லிக் குடுக்கறதே அதுதான்." அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

இத்தன ஆபத்து இருக்கே, எம்பது வருஷத்துப் பொக்கிஷத்த மியூசியத்துல வச்சா ஆகாதான்னு கேக்குறவங்க இருக்காங்க. நியாயமான கேள்விதான், நானும் கேட்டிருக்கேன். ஆனா மியூசியத்துல நான் பாத்த மஸ்டாங் எல்லாம் ஆயில வடிச்சுட்டு கயிறு கட்டி நிக்கிற பளபளப்பு. அந்த 56 ப்ளக்க வரிசையா படிக்கத் தெரிஞ்ச ஒரு மனுஷன் இன்னிக்கும் உயிரோட இருக்காருன்னா அதுக்குக் காரணம் அந்த எஞ்சின் ஒவ்வொரு செப்டம்பரும் ஓடினதுதான். 1939ல ஜெர்மனிக்காரன் பிஸ்டன் எஞ்சின் விமானத்துல மணிக்கு 469 மைல் போயி வச்ச சாதனைய முப்பது வருஷம் யாரும் தொடல, 1969ல டேரில் கிரீனமையர் பேர்கேட் விமானத்துல உடைச்சாரு, 1989ல லைல் ஷெல்டன் ரேர் பேர்ங்கிற பேர்கேட்ல 528 மைல் போனாரு, அந்த விமானம் அவருக்குக் கிடைச்சப்ப வெறும் உடைஞ்ச கூடு. இந்த ரெண்டு சாதனையும் ஜெட்டு வந்து புரொப்பல்லர் காலம் முடிஞ்சுபோச்சுன்னு உலகம் முடிவு கட்டின அப்பறம் நடந்தது. கம்பெனி, சர்க்கார் எதுவும் பின்னாடி இல்லாம, ஷெட்டுல நின்னு ராத்திரியெல்லாம் வேலை பாத்த ஆளுங்களோட கை அது. எனக்கு இந்தப் பந்தயம் புடிக்கிறதுக்கு வேகத்த விட அந்தக் கைதான் காரணம்.

சனிக்கிழமையும் முழுநாள் அங்கதான். சாயங்காலம் கெளம்பறப்ப அந்தப் பெரியவர் தேடி வந்து அப்பா கையில ஒரு பழைய ப்ளக்க வச்சு விரல மூடினாரு. ரெண்டு பேரும் கைய விடாம கொஞ்ச நேரம் நின்னாங்க.

பசங்களுக்கு திங்கக்கெழமை ஸ்கூல் இருந்ததால ஞாயித்துக்கெழமை ஃபைனல் வரைக்கும் இருக்க முடியல, காலைல பதினொரு மணிக்குக் கிளம்பிட்டோம். வீட்டுக்குள்ள நுழையறப்ப போன்ல செய்தி. டி-6ங்கிற பழைய பயிற்சி விமானங்களோட பந்தயம் முடிஞ்சு எறங்க வர்றப்ப ரெண்டு விமானம் ஒண்ணோட ஒண்ணு மோதிருச்சு, ரெண்டு பைலட்டும் போயிட்டாங்க. மிச்சப் பந்தயம் எல்லாம் ரத்து. ரீனோவோட கடைசி நாள் அப்படித்தான் முடிஞ்சுது. அப்பாகிட்ட சொன்னேன், செருப்பக் கூட கழட்டாம வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. முந்தின நாள் அந்த டி-6ங்க வரிசையா நின்ன எடத்துல நாங்க நின்னு ஃபோட்டோ எடுத்திருந்தோம்.

பந்தயம் இப்ப நியூ மெக்சிகோல ராஸ்வெல்லுக்கு மாறிருச்சு, 2025 செப்டம்பர்ல அங்க நடந்துச்சு. எனக்கு லீவு கிடைக்கல, போக முடியலைன்னு இன்னும் மனசுல கெடக்கு. அந்த வாரம் அப்பா கணபதில இருந்து வீடியோ கால்ல வந்தாரு. பட்டறைய தம்பி பாத்துக்கறான், இருந்தாலும் தினம் காலைல போயி ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வருவாரு. பின்னாடி மேஜை மேல அந்த ப்ளக்கு, பக்கத்துல திரெட் கேஜு.

"18 எம்எம், ஒன்றரை பிட்ச்சு. உக்காருது பாரு, நூல் பிசகல"ன்னு கேமராகிட்ட கொண்டாந்து காட்டினாரு. அப்பறம், "ஏன் சாமி, நம்ம 28 சிலிண்டரு அங்கயும் ஓடுச்சா?"