அம்மாவின் ஆபரேஷன்: எத்தனை முடிச்சு எடுத்தார்கள் என்று கேளுங்கள்

மூன்று மாதமாக அம்மாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சைக் கரித்தது. ஓமத்தண்ணீரிலேயே ஓட்டினார். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆன பிறகுதான் யாங்கூனில் எண்டோஸ்கோபி எடுத்தோம். இரைப்பையின் அடிப்பகுதியில் புண். சதையை எடுத்து டெஸ்ட் செய்ததில் புற்றுநோய்.

ஆபரேஷன் செய்தவர் ஒரு பெண் சர்ஜன். இங்கே டாக்டரம்மாவை ‘சயாமா’ என்றுதான் கூப்பிடுவோம். இரைப்பைக்குப் பர்மிய மொழியில் ‘அசா எய்ன்’, சாப்பாட்டு வீடு என்று அர்த்தம். அவர் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். உடம்புக்கு முடியாதபோது கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதே, அந்த மாதிரி நிணநீர் முடிச்சுகள் இரைப்பைக்குப் போகிற ரத்தக்குழாய்களை ஒட்டியும் இருக்கின்றன. நோய் இரைப்பையைத் தாண்டினால் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவது அங்கேதான். ஜப்பான் டாக்டர்கள் அந்த இடங்களுக்கு நம்பரே போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் செய்யப்போவது ‘டி2’: இரைப்பையை ஒட்டியவை மட்டுமல்ல, பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றி இருப்பவற்றையும் எடுப்பது.

“வயித்தக் கிழிப்பாங்களாப்பா?” என்று அம்மா கேட்டார். கிழிக்கவில்லை. ஐந்து துளை, ஒன்றில் கேமரா, வயிறு உப்ப கார்பன் டை ஆக்ஸைடு. வெட்டியதை வெளியே எடுக்கத் தொப்புள் பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இரைப்பைப் புற்றுநோய்க்கு 1991-ல் ஜப்பானில் கிட்டானோ என்ற சர்ஜன் தொடங்கிவைத்த முறை இது.

“ஓட்டைதானே, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்” என்றார் அத்தை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். காலை 8 மணிக்கு உள்ளே போன அம்மா மதியம் 2 மணிக்குத்தான் வெளியே வந்தார். அந்த ஆறு மணி நேரம் காளி கோயில் குங்குமப் பொட்டலத்தை அத்தை கையிலிருந்து இறக்கவே இல்லை. தோலில்தான் துளை சின்னது. உள்ளே ரத்தக்குழாய்க்குச் சேதமில்லாமல் கொழுப்போடு முடிச்சுகளை உரித்தெடுப்பது வயிற்றைத் திறந்து செய்கிற அதே வேலை.

மறுநாள் வலது தோளில் கடும் வலி. மாரடைப்போ என்று பதறிவிட்டேன். வயிற்றில் மிச்சமிருந்த வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்குமாம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! மெல்ல நடக்க வைத்தார்கள், இரண்டு நாளில் அடங்கியது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்துதான் முக்கியமான விஷயம். வெட்டியெடுத்ததைச் சோதித்து முதலில் கைக்கு வந்த ரிப்போர்ட்டில் முடிச்சுகளின் எண்ணிக்கையே இல்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்ல, குறைந்தது 16 முடிச்சுகளையாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கேட்டு, அலைந்து, திருத்தி வாங்கினேன். மொத்தம் 27, அதில் 2-ல் நோய். அந்த இரண்டுக்காகத்தான் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, இரண்டு வாரம் மாத்திரை, இப்படி எட்டுத் தடவை.

இப்போது நான்கு முடிந்திருக்கிறது. ஊசி போட்ட வாரம் குளிர்ந்ததைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று குத்துகிறது. அதனால் ஃப்ரிட்ஜைத் திறந்து கொடுக்க யாராவது ஒருவர் வீட்டில் இருக்கிறோம். மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்காவைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, காலையில் பாதி, பத்து மணிக்கு மீதி என்று சாப்பிடுகிறார்.