பலா மரத்தடியில் கரடி

முதலில் உடைந்தது கேலுலுட் கட்டை, அதாவது கொசுத்தேனீ வளர்க்கும் மரக்கட்டை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு), பழைய தோட்டத்து லயங்களை இடித்த இடத்தில் கட்டியது. நாங்கள் கடைசி வரிசை. பின்வாசலில் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம், செம்பனை முடிகிற இடத்தில் மலைக்காடு. என் வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்த கொசுத்தேனீக் கட்டைகள் மூன்றில் ஒன்று, ஒரு காலையில் நெடுக்காகப் பிளந்து கிடந்தது. கோடரி வெட்டு இல்லை. மரம் சிராய் சிராயாகப் பிய்ந்து, அதில் நாலைந்து குட்டைக் கறுப்பு முடி ஒட்டியிருந்தது. பன்றிதான் என்றார் அவர். பன்றி கட்டையைப் பிளந்து தேன் குடிக்குமா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

மூன்றாம் நாள் விடிகாலை ஐந்தரைக்கு, நல்ல இருட்டில், குப்பை போடப் பின்கதவைத் திறந்தேன். பலா மரத்தடியில் கறுப்பாக ஒன்று குனிந்திருந்தது. நாய் என்று நினைத்து அதட்டினேன். அது இரண்டு காலில் எழுந்து நின்றது. உயரம் என் தோளுக்குத்தான் இருக்கும். நெஞ்சில் மஞ்சள் பிறை. மூக்கைத் தூக்கித் தூக்கி என் பக்கம் மோப்பம் பிடித்தது.

அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். "கரடிக்குக் கண்ணு மங்கலும்மா, மூக்குதான் எல்லாம். எழுந்து நின்னா பாயப் போகுதுன்னு அர்த்தமில்ல, நீ யாருன்னு பாக்குது. ஓடாத, முதுகு காட்டாத" என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் குரல்தான் காதில் கேட்டது. மெதுவாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை, முருகா முருகா என்றுதான் இருக்கும். கதவைச் சாத்திய பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

காலையில் போன் செய்த முதல் அலுவலகத்தில், இது எங்கள் வேலையில்லை என்று இன்னொரு நம்பரைக் கொடுத்தார்கள். அங்கிருந்து மறுபடி பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். மத்தியானம் வரை இதே கதை. குழந்தைகள் பள்ளிக்கு நடந்து போகும் சாலை அது. எனக்குக் கோபம் அடங்கவில்லை. கரடி என்றால் நேராக வனவிலங்குத் துறையை, பெர்ஹிலித்தானைத்தான் கூப்பிட வேண்டும் என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னார்.

அங்கே கேட்ட கேள்விகள் தெளிவாக இருந்தன. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், ஒன்றா இரண்டா, குட்டி இருந்ததா, எதைத் தின்றது, தடம் இருக்கிறதா? கால்வாய் ஓரச் சேற்றில் தடம் இருந்தது. ஐந்து விரல், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தள்ளி ஒரு நகக் குழி. பக்கத்தில் ஒரு ஐம்பது காசை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். மரத்தில் ஏறிய நகக் கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு "பெருவாங் மத்தஹாரி" என்றார்கள். சூரியக் கரடி. கரடி இனத்திலேயே சின்னது. கரையான், தேன், பழம் தின்னும். நாக்கே 20, 25 சென்டிமீட்டர் நீளும் என்றார் ஒருவர்.

இதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் பிரேக் கம்பியில் ஜெராட், அதாவது சுருக்குக் கண்ணி, முறுக்கிவிட்டான். "ஆண்ட்டி, அவங்க வர்றதுக்குள்ள நானே புடிச்சிடறேன்" என்றான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், அவன் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுப் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு, ஜெராட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

பழமும் தேனும் வைத்து இரும்புக் கூண்டை இறக்கிவிட்டுப் போனார்கள். நான்கு இரவு ஒன்றும் சிக்கவில்லை. ஏன் சிக்கும்? வரிசை முழுக்க மூடாத குப்பைத் தொங், மரத்தடியில் அழுகிய பலா, செம்பனையில் பொறுக்காமல் விட்ட உதிரிப் பழம். வெளியே விருந்து இருக்க, கூண்டுக்குள் எதற்கு நுழையும்? வீடு வீடாகப் போனேன். குப்பையை லோரி வரும் காலையில் மட்டும் வெளியே வையுங்கள், பழத்தைக் காயாகவே இறக்குங்கள், நாய்ச் சோற்றை இரவில் விடாதீர்கள். சிலர் சலித்துக்கொண்டார்கள். மூலை வீட்டு ஆயா மட்டும் தன் மரத்துப் பலா பதினொன்றையும் அன்றே இறக்கி எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஆறாம் இரவு கூண்டுக் கதவு விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

காலையில் மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்தினார்கள். பெண் கரடி, எடை 38 கிலோ. பக்கத்து வீட்டுப் பையனும் என்னோடு நின்று பார்த்தான். அதிகாரி முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி வளையமாக முடி இல்லாத தழும்பு, இரண்டு விரல் இல்லை. எங்கேயோ ஜெராட்டில் மாட்டி, இழுத்துப் பிய்த்துக்கொண்டு தப்பித்த கால். அந்தக் காலோடுதான் எங்கள் பலா மரத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தூரத்துக் காட்டில் விடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானம் அந்தப் பையன் கம்பிச் சுருளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். ஒன்றும் பேசவில்லை. மிச்சமிருந்த கேலுலுட் கட்டைகளை வீட்டு முன்பக்கம் தூக்கி வைக்க அவன்தான் என் வீட்டுக்காரரோடு கை கொடுத்தான்.